நீலம் தெரிந்த அன்று

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நீங்கள் போனில் விசாரித்தபோதெல்லாம் உங்கள் தங்கைக்கு வெறும் வயிற்றுவலி என்றே சொல்லிவந்தேன். அது பொய். இப்போது ஆபத்து நீங்கிவிட்டது. அதனால்தான் எழுதத் தைரியம் வந்தது.

போன வருடம் முதலாளி வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். நாங்கள் ஏறியதும் பாரம் அதிகம் என்று லிஃப்ட் கத்தியது. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா நான், பெரிய கெட்டிக்காரன் மாதிரி அவளைப் பார்த்து, "நீ ஒருத்தி இறங்கினா போதும், நாங்க எல்லாரும் போயிடலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடியே இறங்கி, நாலு மாடி படியேறி வந்தாள்.

அடுத்த மாதமே, உடம்பைக் குறைக்க ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் பலூன் வைத்துக்கொண்டாள். வாய் வழியாக இறக்கி, நீலச் சாயம் கலந்த உப்புநீரால் நிரப்புவார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும். முதல் வாரம் தண்ணீர்கூடத் தங்கவில்லை, ஓயாத வாந்தி. பிறகு பழகியது, உடம்பும் இளைத்தது. தான் வேலை பார்க்கும் மழலைப் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்ததாக ஒருநாள் வந்து சொன்னாள். அன்று அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்ததும், எடுத்துவிடலாமா என்று கேட்டாள். "நல்லாத்தானே குறையுது, இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும்" என்றேன், டாக்டருக்குப் படித்தவன் மாதிரி.

மூன்றாவது வாரம், சிறுநீர் நீலமாகப் போகிறது என்று வேலையிடத்துக்குப் போன் செய்தாள். அப்படிப் போனால் பலூன் கசிகிறது, உடனே வர வேண்டும் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். சாயந்தரம் வந்து அழைத்துப் போகிறேன் என்றேன். வேலை இழுத்துவிட்டது. மறுநாளும் அப்படியே. சுருங்கிய பலூன் குடலில் இறங்கி அடைத்துக்கொண்டது. வயிற்றைத் திறந்து, ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். ஏன் தனியாகவாவது வரவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "அவர் வர்றேன்னு சொன்னாரு" என்றாள்.

பதினோரு நாளாகிறது. கரண்டி கரண்டியாக சூப் இறங்குகிறது. பக்கத்துப் படுக்கைக்காரியோடு கலகலப்பாகத்தான் பேசுகிறாள். என்னைப் பார்த்தால் மட்டும், "உங்களுக்கு வேலைக்கு நேரமாகலையா?" என்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை, மச்சான். கோபப்பட்டால் தேவலை.

லீவு கிடைத்தால் ஒருநடை வாருங்கள். என்னைத் திட்ட வேண்டியதை வாசலிலேயே திட்டிவிட்டு, உள்ளே போய் அவளோடு உட்காருங்கள். என்னிடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லட்டும். நான் வெளியிலேயே இருக்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் நம்பித் தங்கையைக் கொடுத்த
மாப்பிள்ளை