கருத்துப் படிவத்தில் இல்லாத கேள்வி

அனுப்புநர்
கா. பாலுசாமி,
நாளிதழ்ச் செய்தியாளர்,
14, மேற்கு வீதி,
கிணத்துக்கடவு, கோவை மாவட்டம்.
(முதுநிலை வேதியியல் 1995–97 வகுப்பு மாணவி பா. லோகப்பிரியாவின் தந்தை. அவ்வகுப்பின் முப்பத்தொரு பேர் சார்பாகவும்.)

பெறுநர்
உயர்திரு துணைவேந்தர் அவர்கள்,
நொய்யல் பல்கலைக்கழகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: பகுப்பாய்வு வேதியியல் பாடம் – பேராசிரியர் முனைவர் ஆ. மாசாணியம்மாள் அஞ்சல்வழிக் கல்விப் பிரிவுக்கு மாற்றப்பட்டது – ஆணையை ரத்து செய்து, அவர் ஆய்வகத்திலேயே தொடர வழி செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார்க் கடிதம், நாள் 19.09.1996.
2. தங்கள் அலுவலக ஆணை, நாள் 26.06.1997.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவன் நான். பார்வை இரண்டில் கண்ட ஆணை அந்தப் புகாரினால் பிறந்தது. புகார்தாரர் என்ற முறையில் ஆணையின் நகல் ஒன்று எனக்கும் வந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. அது கிடைத்திருக்கக் கூடாது என்று சொல்லவே இப்போது எழுதுகிறேன்.

2. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடந்த கல்வியாண்டில் மூன்றாம் பருவத்தில் பகுப்பாய்வு வேதியியல் பாடத்தைப் பேராசிரியர் மாசாணியம்மாள் நடத்தினார். 12.09.1996 அன்று நடந்த முதல் அகத்தேர்வில், ஐம்பதுக்கு இருபத்தைந்து என்ற தேர்ச்சி மதிப்பெண்ணை முப்பத்தொரு பேரில் இருபத்துநான்கு பேர் தொடவில்லை. என் மகள் பெற்றது பதினொன்று. அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள், ஒரே சோதனையை நான்காவது முறை செய்யச் சொன்னதால் அவள் மாலை ஆறு மணிவரை ஆய்வகத்தில் இருந்தாள். பொள்ளாச்சிப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் தங்களுக்குக் கடிதம் எழுதினேன். "மாணவியரை மாலை ஆறு மணிவரை தடுத்து வைக்கிறார்" என்ற வரி அதில் இருந்தது.

3. கடிதத்தின் பேரில் தாங்கள் மூவர் குழு ஒன்றை அமைத்தீர்கள். குழு 11.11.1996 அன்று மாணவர்களுக்குப் பெயரில்லாக் கருத்துப் படிவம் கொடுத்தது. பத்துக் கேள்விகள். ஆம், இல்லை என்று எழுத வேண்டும். கடைசியில் ‘பிற கருத்துகள்’ என்று அரைப் பக்கம் வெற்றிடம். முடிவுகள் ஆணையின் இணைப்பில் உள்ளன. பாடம் எளிதாக உள்ளதா? முப்பத்தொருவரும் இல்லை. சோதனைகளைத் திரும்பச் செய்ய நேர்ந்ததா? முப்பத்தொருவரும் ஆம். ஆய்வகத்துக்கு வர அச்சம் உண்டா? இருபத்தேழு பேர் ஆம். பிற பாடங்களைப் படிக்கப் போதிய நேரம் கிடைக்கிறதா? முப்பது பேர் இல்லை. ‘பிற கருத்துகள்’ பகுதியில் ஒருவர்கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. "ஆசிரியரைப் பற்றிச் சாதகமாகச் சொல்ல மாணவர்களிடம் எதுவுமில்லை" என்று குழு முடிவு செய்தது.

4. ஆணை தபாலில் வந்தபோது நான் வீட்டில் இல்லை. என் மகள்தான் பிரித்துப் படித்திருக்கிறாள். நான் திரும்பியதும் அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஊர்ல ரெண்டு பேரு வரப்புக்கு அடிச்சுக்கிட்டாக்கூட ரெண்டு பக்கமும் கேட்டுப்போட்டுத்தானப்பா எழுதுவீங்க? எங்க மேடத்துக்கு மட்டும் ஏனுங்கப்பா ஒரு பக்கம்?" மேலும் ஒரு தகவல் சொன்னாள். அன்று மாலை ஆறு மணிவரை அவள் பக்கத்து முக்காலியில் பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார். நான்காவது முறை அளவு சரியாக வந்ததும், இருவரும் ஒன்றாக நடந்து போய்ப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்திருக்கிறார்கள். ஆறு மணி என்று நான் எழுதியது உண்மை. உடன் இருந்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறவன் செய்யக் கூடாத தவறு அது.

5. ஆகவே 28.06.1997 முதல் 05.07.1997 வரை அந்த வகுப்பின் எல்லா மாணவர்களையும் விசாரித்தேன். இருபத்தேழு பேரை நேரில் பார்த்தேன். இருவருடன் தொலைபேசியில் பேசினேன். இருவர் கடிதம் எழுதினார்கள்; இந்த நால்வரின் கையெழுத்தும் தபாலில் வந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்: அந்த அரைப் பக்கத்தை ஏன் காலியாக விட்டீர்கள்?

6. பதில்கள் ஏறத்தாழ ஒன்றே. ஆய்வகக் குறிப்பேட்டில் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும், கேட்டதற்கு மட்டும் பதில் தர வேண்டும், அபிப்பிராயம் சேர்க்கக் கூடாது என்பது அவர் வகுப்பின் முதல் விதி. படிவத்தையும் அவர்கள் அப்படியே நிரப்பியிருக்கிறார்கள். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருப்பவரின் மகன் அருள்குமார் சொன்னார்: "பாடம் எளுப்பமான்னு கேட்டாங்க. இல்லைங்க. அதனால இல்லைன்னு எழுதுனேன். பயமான்னு கேட்டாங்க. பயந்தானுங்க. அந்தப் பயம் நல்லதா கெட்டதான்னு யாரும் கேக்கலைங்களே." பிற பாடங்களுக்கு நேரம் கிடைத்தது என்று எழுதிய ஒரே ஆள் இவர்தான். காரணம் கேட்டேன். "மத்த பாடமெல்லாம் நான் எப்பவுமே படிக்கறதில்லைங்க, நேரமிருந்துச்சு" என்றார்.

7. அவர் பாடம் நடத்தும் முறையையும் தாங்கள் அறிய வேண்டும். பியூரெட் என்னும் அளவுக் குழாயில் பார்க்கும் அளவுகளை மையால்தான் எழுத வேண்டும். தவறானால் அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டு, புதிய அளவைக் கீழே எழுத வேண்டும். எத்தனை முறை தவறினாலும் மதிப்பெண் குறையாது. ஆனால் மூன்று முறை செய்து மூன்றிலும் ஒரே அளவு எழுதினால் அவர் அருகில் வந்து நின்றுகொள்வார். "ஏங்கண்ணு, இந்த பியூரெட்டு என்ன உன்ற மாமனா? நீ நெனச்சதையே நெனச்சபடி குடுக்குது?" என்று அவர் கேட்டதைப் பதினொரு பேர் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அன்று சிரிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

8. இதன் பலன் 27.11.1996 அன்று தெரிந்தது. அன்று செய்முறைத் தேர்வு. புறத்தேர்வாளர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்திருந்தார். பேராசிரியர் மாசாணியம்மாளுக்கு அன்று தேர்வுப் பணி இல்லை. கொடுக்கப்பட்ட கரைசலில் இரும்பு எத்தனை மில்லிகிராம் உள்ளது என்று கண்டுபிடிக்க வேண்டும். அருகருகே இரண்டு ஆய்வகங்களில் முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ‘280’ என்று எழுதிய துண்டுச் சீட்டு மேசைக்கு மேசை போயிற்று. விடை கசிந்துவிட்டது. யார் வழியாகக் கசிந்தது என்பதை நான் விசாரிக்கவில்லை. இந்த மனுவுக்கு அது தேவையில்லை. செய்முறைத் தேர்வுகளில் இது புதிதும் அல்ல. சீட்டு வந்ததும் அளவுகளை அதற்கேற்றபடி ‘வரவழைப்பது’ பல ஆய்வகங்களில் வழக்கம் என்பதைத் தாங்களும் அறிவீர்கள்.

9. அன்று ஒருவரும் வரவழைக்கவில்லை. முப்பத்தொரு விடைத்தாள்களிலும் விடை 251க்கும் 256க்கும் இடையில் இருந்தது. ஈரோட்டு மாணவி இஸ்மத் சொன்னது: "எனக்கு 253 வந்துச்சுங்க. சீட்டுல 280. இருபத்தேழு மில்லிகிராம் வித்தியாசம்னா பாதி மார்க்கு போயிரும். மறுபடி செஞ்சேன், 254. இன்னொருக்கா செஞ்சேன், 253. இதுக்கு மேல நான் என்ன பண்றதுங்க, இருக்கறதைத்தான எழுத முடியும்?" தாம் மட்டும்தான் தோற்கப் போகிறோம் என்று நினைத்தே ஒவ்வொருவரும் தம் அளவை எழுதியிருக்கிறார்கள். அடுத்த மேசையில் என்ன வந்தது என்பது வெளியே வந்து பேசிக்கொண்ட பிறகே தெரிந்தது.

10. தாள்களை வாங்கிப் பார்த்த புறத்தேர்வாளர், மதிய உணவுக்குப் போகாமல் தாமே அக்கரைசலை எடுத்து மூன்று முறை சோதித்தார். அவருக்கு வந்தது 254. கரைசல் இரண்டு நாள் முன்பே கலக்கப்பட்டு, காற்றுப் பட்டு வலிமை குறைந்திருந்தது. விடைக்குறிப்புதான் தவறு. அதைத் திருத்திவிட்டு அவர் தம் அறிக்கையில் எழுதிய வரிகளின் நகலை இணைத்துள்ளேன்: "முப்பத்தொரு பேர் என்னை விடச் சரியாக இருந்தார்கள். இருபது ஆண்டுகளாகத் தேர்வு நடத்துகிறேன். இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை." 1997 பிப்ரவரியில் முடிவு வந்தது. அந்தப் பாடத்தில் முப்பத்தொருவரும் தேர்ச்சி. பாடம் தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் தவறாத ஆண்டு இதுவே. அகத்தேர்வில் பதினொன்று வாங்கிய என் மகள் பெற்றது நூற்றுக்கு எழுபத்தெட்டு.

11. குழுவின் கையில் நவம்பர் 11 அன்று நிரப்பிய படிவங்கள் மட்டுமே இருந்தன. நவம்பர் 27 அன்று எழுதிய தாள்களைக் குழு பார்க்கவில்லை. மாணவர்களின் உண்மையான கருத்து அவற்றில்தான் இருக்கிறது என்பது என் தாழ்மையான எண்ணம்.

12. செய்தியை ஒருபக்கமாக எழுதிவிடக் கூடாது என்பதால் இதையும் பதிவு செய்கிறேன். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. கிருபாசங்கர் என்ற மாணவர் இந்த மனுவுக்குக் கையெழுத்திட முதலில் மறுத்தார். "எனக்கு அவங்களை இன்னைக்கும் ஆகாதுங்க. எல்லாருக்கும் முன்னால என் நோட்டைத் தூக்கிக் காட்டி, இது ஆய்வா, ஜோசியமான்னு கேட்டுப்போட்டாங்க" என்றார். சரி என்று குறிப்பேட்டை மூடினேன். தேநீர் குடித்து முடித்த பிறகு அவரே தொடர்ந்தார்: "சீட்டு வர்றதுக்கு முன்னாலயே நான் 252ன்னு எழுதிப்போட்டேனுங்க. மாத்தலாம்னு பேனாவை எடுத்தேன். கோடு போட்டா பக்கத்துல கையெழுத்துப் போடோணும். பொய்க்கு எப்படிங்க கையெழுத்துப் போடறது? பேனாவை வெச்சுட்டேன். அவங்களை மாத்துனது தப்புங்க. இதை எழுதிக்கிங்க." எழுதிக்கொண்டேன். இணைப்பிலுள்ள கையெழுத்துகளில் முப்பத்தொன்றாவது அவருடையது.

13. ஆணைப்படி 14.07.1997 திங்கட்கிழமை முதல் பேராசிரியர் மாசாணியம்மாள் அஞ்சல்வழிப் பாடநூல்களைச் சரிபார்க்கும் பணிக்குப் போக வேண்டும். அங்கே ஆய்வகம் இல்லை. அதே நாளில் இப்பாடம் விருப்பப் பாடமாக மாற்றப்பட்டு, சோதனைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது. அவர் இதுவரை எந்த மேல்முறையீடும் செய்யவில்லை. இந்த மனு பற்றி அவரிடம் நான் பேசவில்லை. மாணவர்களும் பேசவில்லை. அவர் கேட்டு வாங்கிய கையெழுத்து என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

14. எனவே தாங்கள் அன்புகூர்ந்து,
(அ) 19.09.1996 நாளிட்ட என் புகாரை நான் திரும்பப் பெறுவதை ஏற்கவும்,
(ஆ) கருத்துப் படிவங்களைப் புறத்தேர்வாளரின் அறிக்கையுடன் சேர்த்து மறுபரிசீலனை செய்யவும்,
(இ) 26.06.1997 நாளிட்ட ஆணையை 14ஆம் தேதிக்கு முன் ரத்து செய்து, அவரே ஆய்வகத்தில் பாடம் நடத்த ஆவன செய்யவும்,
(ஈ) பாடத்தின் சோதனைகளைக் குறைக்காதிருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

15. இறுதியாக ஒன்று. இந்த மனுவை எழுதிக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை மாலை, நான் சந்தித்திராத இருவர் என் வீடு தேடி வந்தார்கள். இந்த ஆண்டு மூன்றாம் பருவத்துக்குப் போகும் வகுப்பின் மாணவர்கள் அவர்கள். அவர்களுடைய தனி மனு ஒன்றைக் கொடுத்தார்கள். அவ்வகுப்பில் முப்பத்துநான்கு பேர். போன ஆண்டு முதல் அகத்தேர்வில் இருபத்துநான்கு பேர் தவறியது அவர்களுக்குத் தெரியும். சோதனைகள் பாதியாகக் குறைந்ததும் தெரியும். விரும்பாதவர்கள் வேறு பாடம் எடுக்கலாம் என்பதும் தெரியும். முப்பத்துநான்கில் இருபத்தொன்பது பேர் பகுப்பாய்வு வேதியியலைத் தேர்ந்தெடுத்து, முழுச் சோதனைகளும் வேண்டும், மாசாணியம்மாள் அவர்களே நடத்த வேண்டும் என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். தேர்வைத் தள்ளி வை, பாடத்தைக் குறை, மதிப்பெண்ணைக் கூட்டு என்று மாணவர்கள் கொடுத்த மனுக்களை நான் எத்தனையோ முறை செய்தியாக்கியிருக்கிறேன். கடினமான பாடத்தைக் குறைக்காமல் தாருங்கள் என்று இருபத்தொன்பது பேர் கேட்டு இப்போதுதான் பார்க்கிறேன். அந்த மனுவையும் இத்துடன் தங்கள் முன் வைக்கிறேன். 14ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களுக்கு முதல் ஆய்வக வகுப்பு.

தங்கள் நல்லாணையை எதிர்நோக்கி,

(ஒப்பம்)
கா. பாலுசாமி

நாள்: 07.07.1997
இடம்: கோயம்புத்தூர்

இணைப்பு:
1. முப்பத்தொரு மாணவர்களின் கையெழுத்துப் பட்டியல்.
2. புறத்தேர்வாளர் அறிக்கையின் நகல், நாள் 27.11.1996.
3. இந்த ஆண்டு மாணவர்கள் இருபத்தொன்பது பேரின் மனு.