பதினொரு நாள் வருகை

சித்தி வீட்டில் கோபத்தோடு இருக்கும் என் மகளுக்கு,

ஆன்லைனில் பாடம் எடுக்க எங்களுக்கு ஆன்லைனிலேயே ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். இந்தத் தடவை நான் மாணவி. வீட்டில் சிக்னல் கிடைப்பது படுக்கையில் கிடக்கும் உன் அப்பாவின் அறையில் மட்டும்தான். அது உனக்குத் தெரியும்.

கேமராவைத் திறந்தால் என் தோளுக்குப் பின்னால் அவருடைய கட்டிலும் மூத்திரப் பையும் தெரிந்தன. மூடிவிட்டேன். "டீச்சர், முகம் தெரியலன்னா வரலைன்னுதான் போடுவேன்" என்றார் பயிற்சியாளர்.

"கேள்வி கேளுங்க, பதில் சொல்றேன். முகத்த வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

கேட்டார், சொன்னேன். அப்படியும் ஐந்து நாளும் வரவில்லை என்றே போட்டார். தலைமையாசிரியர் மன்னிப்புக் கடிதம் கேட்டார். யாருக்கும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான், நீ என் வகுப்பில் இருந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்தேன். பள்ளி மூடியிருந்த அந்த வருடம் நான் காலிப் பள்ளியில் உட்கார்ந்து ஆன்லைனில் பாடம் எடுக்க, நீ அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். கேமராவை மூடினாய் என்று பதினொரு நாள் வரவில்லை போட்டேன். பெற்ற மகளுக்குச் சலுகை என்று ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு. பரீட்சை எழுதத் தேவையான வருகையில் உனக்கு அந்தப் பதினொரு நாள்தான் குறைந்தது; உன்னை எழுத விடவில்லை. ஏன் மூடினாய் என்று நான் கேட்கவே இல்லை.

பதினொன்றையும் சிவப்பு மையால் அடித்து, வந்தாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "பழைய பதிவேட்டுல கை வெச்சா வேலைக்கே உலை வெச்சிரும்" என்றார் தலைமையாசிரியர்.

"வெக்கட்டும் சார்."

யாருக்கும் எழுத மாட்டேன் என்றவள் உனக்கு எழுதியிருப்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன் அம்மா