சுவருக்கு வெளியே நின்றவனுக்கு

மாப்ள,

போன வாரம் மைதானத்தின் கமிட்டி அறையை ஒழித்துச் சுத்தம் செய்தோம். பீரோவின் அடித்தட்டில், கிழிந்த கோல் வலைகளுக்குக் கீழே ஒரு நீளமான நோட்டு கிடந்தது. கை கழுவும் மருந்து சிந்தி அதன் ஓரமெல்லாம் மை கரைந்து ஊறியிருந்தது. பெயர், ஊர், போன் நம்பர், உடல் சூடு என்று நான்கு பத்திகள். நோய்க்காலத்தில் மூடிக்கிடந்த மைதானத்தைத் திறந்து, முதல்முதலாக ஆட்களை உள்ளே விட்ட அன்றைக்கு வாசலில் நாங்கள் வைத்திருந்த நோட்டு.

புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் உன் கையெழுத்து. உன் பெயர், பக்கத்தில் மங்கலம் என்று ஊர். உடல் சூடு என்ற பத்தியில் நான்தான் எழுதியிருந்தேன். சூடு எதுவும் இல்லை, சரியாகத்தான் இருந்தது. அந்த வரியின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கோடு. அதையும் நான்தான் இழுத்தேன்.

“பழசுங்களா? குப்பையில போட்டுரலாமுங்களா?” என்று கூட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார். நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ போய் இத்தனை நாளாகியும் நான் உனக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. எழுதினால் அந்த வாசலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

குண்டடத்திலிருந்து ஒரு பையோடு நான் திருப்பூருக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நீ மங்கலத்துத் தறிக்குடும்பம். தறியை விட்டுவிட்டு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்ட வந்திருந்தாய். ஆறு பேர் தங்கிய அறையில் ஏழாவதாக எனக்கு இடம் கொடுத்தவன் நீ. வந்த மூன்றாம் மாதம் எனக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் கொப்புளம். மற்ற ஐந்து பேரும் ஒரே நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஒட்டிக்கொள்கிற நோய்தான் அது. நீ மட்டும் கதவோரம் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாய். “நீயும் போயிரு மாப்ள, உனக்கும் வந்துரும்” என்றேன். “வந்தா வரட்டும். அப்ப நீ இளநி வாங்கிட்டு வா” என்றாய். பத்து நாளும் மோரும் இளநீரும் கொடுத்தாய். சம்பளத்தையும் விட்டாய்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் நமக்கு மைதானம்தான். ஒரே மொபெட்டில் இரண்டு பேரும் போவோம். நம் டீம் கம்பெனிகளில் வேலை செய்கிற ஆட்கள் சேர்ந்தது. மணிப்பூர்க்காரர் இரண்டு பேர், கேரளத்துக் கோல்கீப்பர், மீதி நம்மூர் டைலர்களும் கட்டிங் மாஸ்டர்களும். நீ நூல் சுற்றி வருகிற காகிதக் கோனைக் கொண்டுவந்து, அதன் முனையை வெட்டி, வாயில் வைத்துக் கத்துவாய். மணிப்பூர் பையன்களுக்குப் புரிய வேண்டுமே என்று இந்தி கற்றுக்கொண்டாய். “ஆகே போடா கண்ணு, ஆகே!” என்று, முன்னால் போ என்பதை நீ பாதி இந்தியில் கத்தியதற்குப் படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. எதிர் டீம்காரனும் சிரித்தான்.

இருபது வருஷம் மெஷின் பக்கத்தில் நின்று உனக்கு இருமல் வந்தது. பஞ்சுத் தூசி இருமல். பெரிய டாக்டரிடம் நாம் சேர்ந்துதான் போனோம். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தூசி நெஞ்சுல படிஞ்சிருக்கு. ஒட்டிக்கிற வியாதி கிடையாது. வேலையை மாத்துங்க” என்றார். நீ வேலையை மாற்றவில்லை. மகள் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவன் நான். இதை இங்கே எழுதிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மைதானம் மறுபடி திறந்த நாளுக்கு வருகிறேன். ஒன்றரை வருஷமாகப் பூட்டு. திறக்கும்போது ஏகப்பட்ட விதிகள். பாதி ஆட்கள்தான் உள்ளே. படிக்கட்டில் பெயின்ட்டால் வட்டம் போட்டு, ஒரு வட்டத்துக்கு ஒருவர். முகக்கவசம் கட்டாயம். கொட்டு, ஊதல், கத்தல் எதுவும் கூடாது, கை தட்டலாம். காய்ச்சலோ இருமலோ இருந்தால் உள்ளே விடக் கூடாது. அப்போது நான் பேக்கிங் சூப்பர்வைசர். எங்கள் முதலாளிதான் கமிட்டித் தலைவர். அவர் என்னைக் கூப்பிட்டு, “வாசல் உன் பொறுப்புப்பா” என்று கையில் பட்டி கட்டிவிட்டார். நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கும் கருவியையும் கொடுத்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் முன்னால் முகத்தைக் காட்டி நின்றார்கள்.

நீ நம் டீமின் மஞ்சள் ஜெர்சியை இஸ்திரி போட்டு உடுத்தி வந்தாய். தூரத்திலேயே கையைத் தூக்கினாய். நோட்டில் பெயர் எழுதினாய். கருவியை நீட்டினேன், சூடு இல்லை. “உள்ள போ மாப்ள” என்று சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் உனக்கு இருமல் வந்துவிட்டது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு நிறுத்த முடியாமல். குனிந்து மேசையைப் பிடித்துக்கொண்டாய். வரிசை அப்படியே பின்னால் நகர்ந்தது. ஒரு பெண் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். “ஆருப்பா அது இருமறது?”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏப்பா, உனக்குத் தெரிஞ்ச ஆளா?”

என் மனதில் அந்த நொடியில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். முந்தின வாரம்தான் உன் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்திருந்தேன். தெரிந்தவன் என்றால், அப்படியானால் நீயும் வெளியே போ என்பாரோ, பத்து நாள் கம்பெனிக்கு வராதே என்பாரோ, கையில் கட்டிய பட்டியைக் கழற்றிவிடுவாரோ என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

“தெரியாதுங்க சார்” என்றேன்.

நீ நிமிர்ந்தாய். கண்ணில் இருமலால் வந்த தண்ணீர். என்னைப் பார்த்தாய். நான் நோட்டைப் பார்த்தேன். உன்னைப் பார்க்காமலே, “ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றேன். இருபத்தைந்து வருஷத்தில் உன்னை நான் ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

நீ முதலாளி பக்கம் திரும்பினாய். “அவிகளுக்கு என்னையத் தெரியாதுங்க. நானு மங்கலத்துப் பக்கம். சும்மா மேட்ச் பாக்கலாம்னு வந்தனுங்க. பரவால்லீங்க, போயிக்கறேன்” என்றாய். முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரிசையில் நின்ற யாரும் உன் மேல் படாதபடி ஒதுங்கி ஒதுங்கிப் போனாய். நான் பேனாவை எடுத்து உன் பெயர் மேல் கோடு போட்டேன்.

விதி சரியானதுதான் மாப்ள. இருமுகிற ஆளை உள்ளே விடாததற்காக நான் வெட்கப்படவில்லை. ‘இவன் என் நண்பன், இது தூசி இருமல், ஆனாலும் விதி விதிதான், நீ போ மாப்ள, சாயங்காலம் வந்து ஆட்டத்தை உனக்குச் சொல்றேன்’ என்று நான் சொல்லியிருக்கலாம். நீ சிரித்துக்கொண்டே போயிருப்பாய். அந்த இரண்டு வாக்கியம்தான். எனக்கு வரவில்லை.

ஆட்டம் சப்பென்று போனது. கத்தாமல் ஒரு மேட்ச் பார்ப்பது துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நம் டீம் கோல் போட்டது. எல்லாரும் எழுந்து கையை மட்டும் தட்டினார்கள். அந்தத் தட்டல் அடங்கிய நொடியில், மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

“ஆரு போட்டதுங்க? நம்மாளா?”

நீ வீட்டுக்குப் போகவில்லை. ஒன்றரை மணி நேரமாகச் சுவரோரம், வெயிலில், சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். படிக்கட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கத்தக் கூடாது என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி நடந்து கேட்டைத் திறந்திருந்தால் உன்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். “ஆருங்க, சொல்லுங்க!” என்று இன்னொரு முறை கேட்டாய். அப்புறம் இருமல் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

அடுத்த வாரம் போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் எடுக்கவில்லை. உன் நம்பரைப் பார்த்தாலே முகம் சூடேறியது. உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லித்தான் வந்தேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாய். “வா மாப்ள” என்றாய், நேற்றுத்தான் பார்த்ததுபோல. உன் மனைவி டீ வாங்கக் கீழே போனதும் என் கையைப் பிடித்தாய்.

“அன்னிக்கு அந்தக் கோலு எப்படி விழுந்துச்சு? முழுசாச் சொல்லு.”

“இப்ப எதுக்கு மாப்ள?”

“ஊட்டுல பாப்பா கேட்டுட்டே இருக்கறா. நானும் ரெண்டு மூணு வாட்டி மாத்தி மாத்திச் சொல்லிப்போட்டேன். உன்ற பக்கத்துல உக்காந்து பாத்தேன்னு சொல்லியிருக்கறேன். நீ வேற மாதிரிச் சொல்லிப்போடாத.”

“மாப்ள, அன்னிக்கு நானு வாசல்ல...” என்று ஆரம்பித்தேன்.

“கோலைச் சொல்றா” என்றாய்.

சொன்னேன். மணிப்பூர் பையன் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுபோனது, இரண்டு பேரைத் தாண்டியது, நடுவில் போட்டது, டைலர் தலையால் தட்டியது, பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. நீ கண்ணை மூடிக் கேட்டாய். உன் மனைவி டீயோடு வந்தபோது, “பாத்தியா, நானு சொன்ன மாதிரியேதான் சொல்றான்” என்றாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கோலைத்தான் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். நான்காம் நாள் நீ இல்லை.

உன்னை எடுத்த அன்று உன் மனைவி வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, “கடைசியா அண்ணாதான் இவரைக் கூட்டிட்டுப்போயி மேட்ச் காட்டுனாங்க” என்று அழுதாள். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இத்தனை நாள் கழித்து இந்த நோட்டைப் பார்த்த பிறகு என்னால் மறைத்துவைத்திருக்க முடியவில்லை. சனிக்கிழமை மங்கலத்துக்குப் போனேன். உன் மனைவி வாசலில் உட்கார்ந்து கம்பெனியிலிருந்து வந்த பனியன்களுக்கு நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். “வாங்கண்ணா” என்று எழுந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், முதலாளி, தெரியாதுங்க என்று சொன்னது, சுவருக்கு அந்தப் பக்கம் நீ நின்றது. அவள் மறுபடி உட்கார்ந்து இரண்டு பனியனுக்குப் பிசிர் வெட்டி முடித்தாள். பிறகு பேசினாள்.

“அவரு எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு எனக்குத் தெரியலீங்க. உங்களைக் காப்பாத்தறதுக்கோ, பாப்பா மனசு நோகக் கூடாதுன்னோ. சொல்லிட்டாரு. அது அப்படியே இருக்கட்டுங்க. பாப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. அவளுக்கு அந்த ஒரு நாள் இருக்குதுங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போகும்போது வாசல் வரை வந்தாள். ஆனால் “வாங்கண்ணா” என்று கூப்பிட்டவள், “போயிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நம் டீம் ஆட்டம். இப்போது விதியெல்லாம் போய்விட்டது. உன் மகள் வேலைக்குப் போகிறாள், ஒரு கம்பெனி ஆபீசில். எனக்குப் போன் பண்ணி, “மாமா, நானும் வர்றேன்” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. வந்தாள். உன் நடைதான் அவளுக்கு. படிக்கட்டில் ஏறியதும் நின்று கேட்டாள்.

“மாமா, அன்னிக்கு அப்பா எங்க உக்காந்திருந்தாரு?”

கூட்டம் தள்ளிக்கொண்டு ஏறியது. பின்னால் யாரோ நகரச் சொன்னார்கள். நான் நான்காம் படியில் ஓர் இடத்தைக் காட்டினேன். அவள் போய் அங்கே உட்கார்ந்தாள். கல்லை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“நீங்க?”

“இதா, இங்கதான் கண்ணு” என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு அப்பா சந்தோஷமா இருந்தாரா?”

“இருந்தாரு” என்றேன்.

ஆட்டம் தொடங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் போவேன். அந்த நான்காம் படியில் அவள் பக்கத்தில் உட்காருவேன். கேட்கும்போதெல்லாம் இதையே சொல்வேன், மாற்றிச் சொல்ல மாட்டேன். நீ கேட்டதில் இது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிகிறது மாப்ள. இதுவும் பொய்தான்.