சால்வோவைக் கூப்பிட்டது நான்தான்

7 ஒக்ரோபர் 2025, செவ்வாய்

இவ்வளவு நேரம் சென்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், றோபேட். தர்சனா இப்போதுதான் தூங்கினாள். ஐந்து வயதுக்கு இத்தனை கேள்வி எங்கிருந்துதான் வருகிறதோ. கப்பல் சமையலறையிலிருந்து நீங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் கதைக்கவா முடிகிறது? நித்திரைதான். இது என் நாட்குறிப்பு, ஆனாலும் நீங்கள் வாசிக்கலாம் என்று விட்டிருப்பது அதற்காகத்தான்.

இன்று சால்வோ வந்தார். முன்பு நகைக்கடை வாசலில் காவல் நின்றவர். இடுப்பில் துப்பாக்கி, சட்டைப்பையில் அதற்கான உரிமம். கேற்றடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாக நம் முற்றம் ஸ்கூட்டர் பெடியன்களின் ராச்சியம். களவெடுத்த ஸ்கூட்டரை இங்கேதான் ஒளித்தார்கள். கீழ்வீட்டு அகஸ்ரீனா அக்காவின் தாலிக்கொடி பட்டப்பகலில் போனது. பன்னிரண்டு வீட்டாரையும் கூட்டி, இவரைத் தேடிப் பிடித்து, இத்தாலியனில் ஒப்பந்தம் எழுதியது நான். யாழ்ப்பாணத்தில் எடுத்த பட்டம் இங்கே சிசிலியில் இதற்காவது உதவட்டும்.

மேல்மாடி ஜெனோஜன், அந்தச் சாப்பாடு டெலிவரிப் பெடியன், படியில் நின்று சொன்னான்: "அக்கா, கௌபோய்ப் பட ஷெரீப் வந்திட்டார். குதிரைதான் குறை."

10 ஒக்ரோபர்

ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தேன்.

15 ஒக்ரோபர்

அகஸ்ரீனா அக்கா சால்வோவுக்குப் புட்டும் கோழிக்குழம்பும் கொடுத்தா. நாளைக்கு என் முறை. வாசலில் ஒரு மனிதர் பசியோடு இருக்க, உள்ளே இருந்து சாப்பிட எங்களுக்கு வராது.

24 ஒக்ரோபர்

இன்று என் சாப்பாடு இருபது நிமிடம் பிந்திவிட்டது. சால்வோ மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பட்டம் எடுத்தவள் என்று என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். "ப்ரொபெஸ்ஸோரெஸ்ஸா, ஒரு மணி என்றால் ஒரு மணி." நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன்! ஏன் கேட்டேன்? ஒப்பந்தத்தில் சோறு என்று ஒரு சொல் இல்லையே, அதை எழுதியவளே நான்தானே?

இப்போது சட்டங்கள் வேறு. ஒன்பதுக்குப் பிறகு கேற் பூட்டு. முற்றத்தில் பந்து கூடாது. வெளியாள் வந்தால் பத்திரம் காட்ட வேண்டும். யாரைக் கேட்டு?

28 ஒக்ரோபர்

தர்சனா குளியலறை வாசலில் சின்னக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "தொக்குமெந்தி!" என்று சால்வோபோலவே பத்திரம் கேட்டுக் கையை நீட்டினாள். சுப்பர்மார்க்கெட் கார்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது முடிஞ்சு போச்சு. நீங்கள் போகேலாது" என்றாள்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

3 நவம்பர், திங்கள்

கதவை இரண்டு தரம் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து தர்சனாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஜெனோஜன் ஒரு கூட்டாளியின் சைக்கிளைக் காற்றடிக்க உள்ளே உருட்டிக்கொண்டு வந்தான். சால்வோ சைக்கிளுக்குப் பத்திரம் கேட்டான். "நீ என்ன பொலிஸா?" என்றான் ஜெனோஜன். அவ்வளவுதான். துப்பாக்கி வெளியே வந்து பெடியனின் வயிற்றில் நின்றது. பகல் ஒரு மணி. என் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி—

என்னால் வாய் திறக்க முடியவில்லை. பெடியன் சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகுதான் துப்பாக்கி உள்ளே போனது. இதை எழுதத்தான் வேண்டும்.

4 நவம்பர்

இன்று சோறு கொண்டுபோகவில்லை. வெறுங்கையோடு போனேன். "நாளையிலிருந்து நீங்கள் வர வேண்டாம்" என்றேன்.

சிரித்தான். "நான் போனால் அந்தப் பெடியன்கள் அன்றைக்கே வருவார்கள், ப்ரொபெஸ்ஸோரெஸ்ஸா."

"வரட்டும். கள்ளன் பூட்டை உடைத்து வந்தான். உங்களுக்கு நானே திறந்துவிட்டேன்."

இத்தாலியனில் ஒரு பிழைகூட விடவில்லை.

அவன் எழும்பவில்லை. மற்ற வீட்டார் கையெழுத்து வைத்தால் போகிறானாம். ஏறி இறங்கினேன். நான்கு கையெழுத்து. அகஸ்ரீனா அக்கா கதவைப் பாதிதான் திறந்தா. "நான் ஒண்டும் பாக்கேல்லை பிள்ளை. எனக்கு இப்பதான் இரவிலை நித்திரை வருது. அதைக் கெடுக்காதை." ஜெனோஜனுக்கோ பயம். இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறான். பொலிஸ் என்றாலே ஓடுகிறான்.

பின்னேரம் நீங்கள் போனில் சொன்னது: "உனக்கேன் இந்த வேலை? பிள்ளையைப் பார்." பிள்ளையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், றோபேட். வேறு எதைப் பார்க்கிறேன்?

5 நவம்பர்

குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். தனியாக. அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். கண்ட வேறு யாராவது சொன்னால் நல்லது என்றார். இல்லாவிட்டால்? விசாரணை முடியும்வரைதான் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம் என்றார். துப்பாக்கி திரும்பவும் அவன் இடுப்புக்குப் போகும் என்று எனக்கு விளங்கியது.

8 நவம்பர்

விசாரணை முடியும்வரை துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டார்கள். சால்வோ வெறும் பெல்ற்றோடு வந்து அரைநாள் இருந்தான். ஒரு வீட்டிலிருந்தும் சாப்பாடு போகவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, கடவுளாணை. போகும்போது, விசாரணை முடிந்ததும் வருவேன் என்றுவிட்டுப் போனான்.

11 நவம்பர்

அவன் சொன்னது நடந்தது. இரண்டு ஸ்கூட்டர்.

"பாத்தியா?" அகஸ்ரீனா அக்கா ஜன்னலில் நின்று கத்தினா. "உன்ரை நியாயம் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வருது!"

இறங்கிப்போய்க் கேற் நடுவே நின்றேன். வேறு என்ன செய்வது, கூப்பிட்டதும் நான், அனுப்பியதும் நான். முன்னால் வந்தவன் என்னைப் பார்த்து பிறேக் அடித்தான். ஒதுங்க மாட்டேன் என்றேன். மற்றவன் என் காலடிவரை கொண்டுவந்து உறுமினான். அப்போது மேலிருந்து ஒரு வாளி தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், அவன் தலையில். கூடவே அக்காவின் வாயிலிருந்து நான் கேட்டேயிராத சிசிலியன். சத்தத்துக்குப் பன்னிரண்டு ஜன்னலும் திறந்தன. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

"கை தவறினது" என்கிறா அக்கா. கேட்ட எல்லாருக்கும் அதே கதைதான்.

16 நவம்பர், ஞாயிறு

ஸ்கூட்டர்கள் இன்னும் ஒருமுறை வந்தன. திரும்பவும் வரலாம். எங்கள் வீட்டார் கேற்றடிக்கு இறங்கி வந்து நிற்கிறார்கள். எனக்குக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

பூசை முடிந்து வரும்போது அகஸ்ரீனா அக்கா என் கையைப் பிடித்தா. "பிள்ளை, அவன் துப்பாக்கி எடுத்த அண்டைக்கு நான் ஜன்னலடியிலைதான் நிண்டனான். எல்லாம் பாத்தனான். எங்கை போய்ச் சொல்ல வேணும்?"

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஜெனோஜன் தலையைச் சொறிந்தான். "அக்காவே போறா எண்டால் நான் எப்பிடி வீட்டிலை நிக்கிறது? நானும் வாறன்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் குவெஸ்தூராவுக்குப் போகிறோம். போகவா என்று உங்களிடம் கேட்கவில்லை, றோபேட். அன்று தர்சனாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நீங்கள் வீட்டில் நிற்பீர்களா, அல்லது அவளையும் கூட்டிக்கொண்டு போகவா? அதை மட்டும் சொல்லுங்கள். இதை வாசித்ததும் கீழே எழுதுங்கள், கெதியாக.