ஊசிக்கு மட்டும் விலக்கு

அடி அண்ணாமலை
9.2.2025

அன்பு மகள் கவிநிலாவுக்கு,

அப்பா பரசுராமன் எழுதுகிறேன். ஆமாம், என் கையாலேயே! முதியோர் வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வழியில் இருக்கும் போர்டையெல்லாம் படித்துக்கொண்டே நடக்கிறேன். வீடு வந்து சேர நேரமாகிறது என்று உன் அம்மாவிடம் திட்டு வாங்குகிறேன்.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். உகாண்டா போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், கர்ப்பிணிகளுக்கு டாக்டர் விலக்குச் சான்றிதழ் தருவார் என்று எழுதியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. வாங்கிக்கொண்டு அங்கே இருக்கும் மாப்பிள்ளை இளஞ்செழியனிடம் கிளம்பு. "இன்னுமா உன் பொண்ண புருஷன் கூட்டிக்கல?"னு ராஜம்மாள் குழாயடியில் கேட்டாளாம். ஊருக்கே தெரியட்டும் என்று டீக்கடையில் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அப்பா
பரசுராமன்

சென்னை
20.2.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் எழுத்து குண்டு குண்டாக அழகாயிருக்கிறது. ஆனால் என் சங்கதியை டீக்கடையில் படிக்காதீர்கள்.

சான்றிதழ் வாங்கப் போனேன். டாக்டரம்மா பேனாவை எடுத்தவர் என்னைப் பார்த்தார். "இது ஏர்போர்ட்ல காட்டத்தாம்மா. அங்க கொசு கடிச்சா அதுங்கிட்ட எதக் காட்டுவ?" என்றார். அது உயிருள்ள கிருமியிலிருந்து செய்யும் ஊசியாம். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. ஊசி இல்லாமல் போய்க் காய்ச்சல் வந்தால் எனக்கும் குழந்தைக்கும் ஆபத்து, முடிந்தால் பயணத்தைத் தள்ளிப் போடு என்றார். வாங்காமல் வந்துவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். "எல்லாரும் வராங்க, உனக்கு மட்டும் என்ன?"னு போனை வைத்துவிட்டார். அதன்பிறகு பேசவில்லை.

நீங்களும் போகத்தான் சொல்கிறீர்களா? டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை.

உங்கள் மகள்
கவிநிலா

அடி அண்ணாமலை
3.3.2025

அன்பு மகளுக்கு,

கடிதத்தை வீட்டில்தான் பிரித்தேன். ஆபத்தில்லை என்றுதான் டாக்டர் எழுதித் தருகிறார் என நினைத்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்.

மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். ‘அன்புள்ள’ தவிர மற்றதெல்லாம் அடித்தல் திருத்தல். பக்கத்து வீட்டுத் திருமலை அதை போட்டோ எடுத்து செல்லில் அனுப்பினான். எழுதியது இதுதான்: "உங்களுக்கு ஊசி போட்டிருக்கிறது. என் மகளுக்குப் போட முடியாது. ஆகவே நீங்கள்தான் வர வேண்டும்."

அவர் படித்துவிட்டார், நீலக் கோடு விழுந்திருக்கிறது என்று திருமலை சொன்னான். இன்றுவரை பதில் இல்லை.

அது அவர் பாடு. பிரசவம் நம் வீட்டில். உன் அம்மா ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்க ஆள் பார்த்துவிட்டாள். பௌர்ணமியன்று கிளம்பாதே, கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. முன்னாடியே வந்துவிடு.

அப்பா