ஊசி சிவப்பைத் தொட்டதா?

இன்று காலை விமானக் கொட்டகையின் கதவைத் தள்ளியதும் மல்லிகையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. நேற்று ஆயுத பூசை. புரொப்பெல்லருக்குப் போட்ட மாலையைக் கழற்றி யாரோ மேசைமேல் வைத்திருந்தார்கள். உன் நினைவு வராமல் எப்படி இருக்கும்? மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய் இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. இந்தக் காஹாங் ஊரின் செம்பனை எண்ணெய்த் தோட்டக் காட்டுக்கு நடுவே உரம் தூவும் விமானத்தை நான் ஓட்டினேன், நீ அதற்குப் பொறியாளராக இருந்தாய். பன்னிரண்டு வருடம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வேலை பார்த்தோம்.

சில வருடங்களுக்கு முன், பழைய விமானம் இருந்தபோது, ஒரு பூசையில் உனக்கு ஒரே கவலை, கற்பூரம். "இறக்கை பூரா ஃப்யூல் இருக்குய்யா! நெருப்ப தூரமா வச்சுக்கோங்க" என்று தட்டை முப்பதடிக்கு அப்பால் விரட்டினாய். எங்கள் முகம் தொங்கியதைப் பார்த்து உனக்கே பாவமாகிவிட்டது. "சரி சரி, உங்க சாமிக்கு நான் லைட் போடறேன்" என்று விமானத்தில் ஏறி அத்தனை விளக்கையும் எரியவிட்டாய். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தோம். குளுவாங்கிலிருக்கும் உங்கள் அத்தா கடையிலிருந்து நீ கொண்டுவந்த, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைச் சுண்டலோடு சேர்த்துத் தின்றோம்.

மறுநாள் காலை மெர்சிங் பக்கம் மேகம் திரண்டு நின்றது. மழைக்கு முன்னால் மூன்று சுற்றாவது தூவிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். பேட்டரி ஊசி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. நீ தீயணைப்பானோடு முன்னால் நின்றுகொண்டு கத்தினாய்.

"பேட்டரி வண்டி வரட்டும்டா. அதுல ஸ்டார்ட் பண்ணலாம்."

"அது அந்தக் கோடியில நிக்குது. வர்றதுக்குள்ள மழை வந்துரும்லா. ஓடும், விடு."

ஏன் வண்டி வேண்டும் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டைவிரலை உயர்த்த நீ ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாய்.

ஸ்டார்ட்டரை அழுத்தினேன். இந்த எஞ்சினுக்கு முதலில் காற்று, பிறகுதான் எரிபொருள். நன்றாகச் சுழன்று காற்றை இழுத்த பிறகே நெம்புகோலைத் தள்ள வேண்டும். காற்று போதாமல் எரிபொருள் போனால் உள்ளே எல்லாம் வெந்துவிடும். அன்று பேட்டரியில் வலுவில்லாமல் சுழற்சி இழுத்து இழுத்து ஏறியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் தள்ளிவிட்டேன்.

டப்பென்று பற்றியது. வெப்ப ஊசி எழும்பியது, நிற்கவேயில்லை. இதோ இறங்கிவிடும், இதோ இறங்கிவிடும் என்று என் கை நெம்புகோலின்மேல் மரத்துப்போய்க் கிடந்தது. புகைக்குழாயிலிருந்து தீ வெளியே நீண்டது. நீ ஓடவில்லை. நிறுத்தச் சொல்லிக் கழுத்தை அறுப்பதுபோல் கையை வீசினாய், மறுபடியும் வீசினாய். அப்போதுதான் நெம்புகோலை இழுத்தேன். எரிபொருள் நின்றது. உள்ளே கிடக்கும் சூடு வெளியேறட்டும் என்று ஸ்டார்ட்டரை மட்டும் விடாமல் சுழலவிட்டேன்.

எல்லாம் அடங்கியதும் இறக்கைமேல் ஏறிவந்து கேட்டாய். "தொட்டுச்சா?"

அந்தப் பழைய விமானத்தின் ஊசிக்கு ஞாபகம் கிடையாது. அது சிவப்புக் கோட்டைத் தொட்டதா என்பதற்கு என் கண் ஒன்றுதான் சாட்சி. தொட்டது என்றால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்வரை விமானம் எழும்பாது. என் பெயரும் கெடும்.

"தொடல" என்றேன்.

நீ இறங்கிப்போய்ப் பதிவேட்டைத் திறந்து எழுதினாய். எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் விளக்குகளை இரண்டு மணி நேரம் அணைக்க மறந்தது நீதான் என்றும், பேட்டரி இறங்கியிருக்கும் என்று தெரிந்தும் விமானியிடம் சொல்லவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாய்.

"வெக்கமா இருந்துச்சுடா, அதான் சொல்லல" என்றாய். பேனாவை மூடாமல் பதிவேட்டின்மேல் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாய். இரண்டாவது தடவை நீ கேட்கவேயில்லை. எனக்கு உன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. ஒரு தடவை கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? பேனாவை எடுத்து உன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: தொட்டது, தாண்டியும் போனது.

எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே ஒரு பிளேடின் நுனி கருகி விரிசல் கண்டிருந்தது. செம்பனை உச்சியை உரசுகிற உயரத்தில் பறக்கிறவன் நான். அங்கே அது உடைந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது. நீ அந்தப் பிளேடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் கற்பூரமே கொளுத்துங்கய்யா" என்றாய். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இன்றும் மெர்சிங் பக்கம் மேகம். பேட்டரி ஊசி சரியாகத்தான் நின்றது. ஆனாலும் வண்டி வரட்டும் என்றேன். உன் இடத்துக்கு வந்திருக்கும் சிம்பாங் ரெங்கம் ஊர்க்காரப் பொறியாளரம்மா குழம்பிப்போனார். "பேட்டரி நல்லாத்தானே இருக்கு, கேப்டன்?"

"இருக்கட்டும்மா. நேத்து பூசை."

வண்டி வந்தது. நீ நின்ற இடத்தில் அவர் தீயணைப்பானோடு நின்றார். ஸ்டார்ட்டரை அழுத்தினேன்; சுழற்சி நன்றாக ஏறும்வரை காத்திருந்தேன். நெம்புகோலைத் தள்ளிய கையை எடுக்காமல் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, சிவப்புக்கு வெகு கீழேயே தயங்கி இறங்கியது.

இப்போது என்னை யாரும் கேட்பதில்லை. புது விமானம் எல்லாவற்றையும் தானே பதிந்துகொள்கிறது. இருந்தாலும் உன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் கிளம்ப முடிவதில்லை. புரொப்பெல்லர் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே உரக்கச் சொன்னேன்.

"தொடல."

உண்மையாகத்தான்டா சொல்கிறேன்.