இரண்டு ஊசிகளும் ஒரே இடத்தில்

என் ஆசை அண்ணா,

நீ கண்ணை மூடிய பிறகு நேற்றுதான் உன் பைக்கை முதல் தடவையாக ஸ்டார்ட் செய்தேன். ஒரே உதறல். இரண்டு சிலிண்டரின் கார்புரேட்டர்களும் நம்மைப் போலவே ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

அம்மா வண்டியை விற்கச் சொல்லிவிட்டாள். "பாக்கப் பாக்க அவன் போனதுதான்டி ஞாபகம் வருது" என்கிறாள். பாலவாக்கத்திலிருந்து ஒருவர் இன்று சாயங்காலம் பார்க்க வருவதாக ஏற்பாடு. எனக்கு மனசே இல்லை. அழுகிற அம்மாவிடம் எப்படி வாதாடுவது, நீயே சொல்?

ஆனாலும் உதறுகிற வண்டியை விற்று உன் பெயரைக் கெடுக்க மாட்டேன். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு உறிஞ்சுகின்றனவா என்று ஊசியால் காட்டும் உன் வேக்குவம் கேஜ்களில் ஒன்று உடைந்திருந்தது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் ஜோடியாகவே கேட்டேன். இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து, வாயால் உறிஞ்சி, ஊசிகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தேன். கடைக்காரர், "இன்னாக்கா, கேஜ் வாங்க வந்தியா, ஜாதகம் பாக்க வந்தியா?" என்று சிரித்தார். "ரெண்டும் உண்மையைச் சொல்லணும்னு இல்ல, ஒரே பொய்யைச் சொன்னா போதும்" என்பாயே, அதைச் சொன்னேன்.

இன்று காலை கார்புரேட்டருக்கு ஒன்றாக மாட்டினேன். ஊசிகள் படபடத்தன. நீ செய்வது போலக் குழாயிலிருக்கும் குட்டித் திருகை இறுக்கியதும் அடங்கின. ஆக்சிலரேட்டரை ஒருவர் லேசாகத் திருகிப் பிடித்தால்தானே இன்னொருவர் சரிசெய்ய முடியும்? பிடிப்பது எப்போதும் என் வேலை. "கைய ஆட்டாதடி கழுதை!" என்று திட்டுவாய். இன்று வேறு ஆளில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே வந்து பிடித்தாள். என்ன பிடி அண்ணா அது! துளி அசையவில்லை. நான் இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் நடுத்திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, இரண்டு ஊசிகளும் ஒரே இடத்தில் வந்து நின்றன. உதறல் போய்விட்டது. நீ மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி வந்து நம் தெருவில் திரும்பும்போது கேட்குமே, அதே சத்தம்.

"போதும்மா, விட்டுடு" என்றேன்.

விடவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கை மட்டும் அப்படியே இருக்கிறது.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்டி" என்றாள். பிறகு, "அந்த ஆளுக்கு ஃபோன் பண்ணி, வரவேணாம்னு சொல்லிடு."

சொல்லிவிட்டேன் அண்ணா. உன் வண்டி இனி நம் வீட்டில்தான். அதை உதறவிட மாட்டேன், அம்மாவையும் தனியாக அழவிட மாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
ரேவதி